புகையும் அண்டை வீட்டார் உரிமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் வரவு செலவுக் கணக்கு, மையவாடிச் சுற்றுச்சுவர், மதரஸா மாணவர் சேர்க்கை ஆகியவற்றிற்குப் பிறகு, 'மக்காத குப்பைகளை எரிக்க உலை அமைத்தல்' என்றொரு பொருள் இடம் பெற்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மையவாடிக்குப் பின்புறமுள்ள பள்ளத்தில் இப்போது குப்பை கொட்டி எரிக்கப்பட்டு வருகிறது. அதை நிறுத்திவிட்டு, செங்கல்லும் இரும்புத் தகடும் கொண்டு புகைபோக்கியுடன் ஓர் உலை கட்டிவிடலாம், செலவை நாங்கள் ஏற்றுக் கொள்கிறோம் என்று வெளிநாட்டில் வாழும் நம் சகோதரர்கள் சிலர் முன்வந்துள்ளார்கள். அல்லாஹ் அவர்களுடைய நல்லெண்ணத்திற்குக் கூலி வழங்குவானாக. உலையும் வேண்டாம், பள்ளமே போதும் என்பார் ஒரு சாரார். எரிப்பதே கூடாது என்பார் மற்றொரு சாரார். கடந்த இரு மாதங்களாக அஸருக்குப் பிறகு பள்ளித் திண்ணையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது, விஷயம் அறிந்தோர் என்ன சொல்கிறார்கள் என்பதை எடுத்துரைக்கும்படி நிர்வாகக் குழு நம்மைக் கேட்டுக் கொண்டது.

முதலில் நாம் எரிப்பது எதை என்று பார்ப்போம். பிளாஸ்டிக் என்று ஒரே பெயரால் அழைத்தாலும் அது ஒரே பொருளன்று. பால் பை, தண்ணீர் பாட்டில், எண்ணெய் டின், உடைந்த குடம், நாற்காலி இவற்றையெல்லாம் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துச் செல்கிறார். அவை உருக்கப்பட்டு மறுபடியும் பொருளாகின்றன. அவர் தொடாமல் விட்டுச் செல்பவைதான் நம் பிரச்சினை. ஷாம்பு, மசாலா, பாக்கு ஆகியவை அடைத்து வரும் சிறு பொட்டலங்கள், பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை, குழம்பு படிந்த கேரி பை ஆகியவையே அவை. பளபளக்கும் அந்த உறைகளில் இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும், பல சமயம் அலுமினியப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டுள்ளன. பிரித்தெடுக்க இயலாததால் எவரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்ற யோசனையைப் பரப்பியவராகச் சொல்லப்படும் சின்னி கிருஷ்ணன், நமக்கு வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள கடலூரைச் சேர்ந்தவர். ஏழைப் பெண்ணுக்கும் ஷாம்பு எட்டியது. ஆனால் காலியான பொட்டலம் எங்கே போகும் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

எரிக்கலாம் என்போரின் வாதத்தை அலட்சியப்படுத்துவது நியாயமாகாது. இந்தப் பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து பிறந்தது. பாலிதீனில் அடங்கியுள்ள வெப்பம், எடைக்கு எடை மண்ணெண்ணெயில் உள்ளதற்குச் சமமானது. மண்ணில் புதைத்தால் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அப்படியே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் நிரம்பினால், அத்தனையும் மிதந்து வாய்க்காலில் இறங்கி, திருமலைராஜன் ஆற்று வழியே கடலுக்குப் போகும். மதகுகள் அடைபட்டு வயலில் நீர் தேங்குவதை விவசாயம் செய்வோர் அறிவார்கள். மாடு தின்று மடிகிறது. ஆகவே எரித்துச் சாம்பலாக்கினால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது.

ஆனால் தொல்லை தீர்கிறதா, இடம் மாறுகிறதா என்பதே கேள்வி.

பிளாஸ்டிக் நன்றாக எரிய மிகுந்த வெப்பமும், போதிய காற்றும், சற்று நேரமும் வேண்டும். நஞ்சுகள் முற்றிலும் சிதைய, புகையானது 850 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் குறைந்தது இரண்டு விநாடியாவது இருக்க வேண்டும் என்பது பெரிய எரியுலைகளுக்கு வகுக்கப்பட்டுள்ள அளவுகோல். நம் பள்ளத்திலோ ஈரத் துணியும் தேங்காய் மட்டையும் டயப்பரும் கலந்து, மேலே எரிந்தும் அடியில் புகைந்தும் இரவெல்லாம் கிடக்கிறது. அத்தகைய அரைகுறைத் தீயிலிருந்தே அதிக நஞ்சு பிறக்கிறது. குறிப்பாக, பி.வி.சி. என்னும் வகையின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். உடைந்த குழாய், ஒயரின் மேலுறை, பழைய பேனர் முதலியவை அந்த வகை. அவை எரியும்போது கண்ணையும் தொண்டையையும் கரிக்கும் அமில வாயு உண்டாகிறது. அத்துடன் டயாக்ஸின் எனப்படும் நஞ்சுக் கூட்டமும் உருவாகிறது. அமில வாயுவை மூக்கு அறியும். டயாக்ஸினை எந்தப் புலனும் அறியாது. அது புல்லின் மீதும் மண்ணின் மீதும் படிந்து, மேயும் மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலின் வழியே நம் உடலுக்குள் வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. புற்றுநோய்க்கும், கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சிக் குறைவுக்கும் அது காரணமாகும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக் கொண்ட செய்தி.

இது எங்கோ நடப்பது என்று எண்ண வேண்டாம். சென்னை பெருங்குடிக் குப்பை மேட்டைச் சுற்றி வாழ்ந்த தாய்மார்களின் பாலை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, அதன் முடிவை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். குப்பை மேட்டருகே வாழ்ந்தவர்களின் தாய்ப்பாலில் டயாக்ஸின் வகை நஞ்சுகள் மற்ற இடத்துத் தாய்மார்களைக் காட்டிலும் மிகுதியாக இருந்தன. அதற்கு ஒரு வழியாக அவர்கள் சுட்டிக் காட்டியது, குப்பை மேட்டில் மேய்ந்த மாடுகளின் பாலை. நம் மையவாடிக்குப் பின்னால் எத்தனை மாடுகள் மேய்கின்றன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காரைக்கால்காரர்களுக்குப் பிரான்சு அந்நியமான நாடன்று. நம் மஹல்லாக்களில் அங்கே உறவு இல்லாத குடும்பம் குறைவு. அந்நாட்டின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில், ஆல்பர்வில் நகருக்கு அருகே ழிலி சுர் இசேர் என்ற ஊரில் குப்பை எரிக்கும் ஆலை ஒன்று இயங்கி வந்தது. சுற்றியிருந்த பண்ணைகளின் பாலில் டயாக்ஸின் வரம்பை மீறியிருப்பது தெரிய வந்து, 2001ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. பண்ணைகளின் பால் கொட்டி அழிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கால்நடைகளைக் கொல்ல நேர்ந்தது. பொறியாளர்களும் சோதனைக் கூடங்களும் நிறைந்த நாட்டில் நிகழ்ந்தது இது.

சிறிய உலை கட்டலாம் என்போர் ஜப்பானின் அனுபவத்தை அறிந்து கொள்ள வேண்டும். அங்கே ஒரு காலத்தில் பள்ளிக்கூடந்தோறும் சிறு எரியுலை இருந்தது. டயாக்ஸின் அச்சம் எழுந்தபோது, 1997ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கல்வித் துறை பள்ளிக்கூட உலைகளை நிறுத்தும்படி சொல்லியது. 1999இல் டயாக்ஸினுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. விதிகள் கடுமையானதும் பெருந்தொகையான சிறு உலைகள் மூடப்பட்டன. ஆனால் அந்நாடு எரிப்பதை விட்டுவிடவில்லை. இன்றும் தன் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதியைப் பெரிய ஆலைகளில் எரித்தே வருகிறது. சிறிய உலையில் வெப்பம் நிலையாக நிற்காது, புகையைக் கழுவும் கருவியும் வைக்க முடியாது என்பதே அவர்கள் கண்டது. புகைபோக்கியை உயரமாக எழுப்பினால் புகை நம் முகத்தில் அடிக்காது, அவ்வளவுதான். அது நிரவியிலோ திருமலைராயன்பட்டினத்திலோ யாரோ ஒருவரின் முற்றத்தில் இறங்கும்.

சிங்கப்பூரில் எரிக்கிறார்களே, அங்கே வானம் தெளிவாகத்தானே இருக்கிறது என்று பயணம் சென்று வந்த சகோதரர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இடமில்லாத தீவு அது. 1979இல் உலு பாண்டானில் முதல் ஆலையைத் தொடங்கி, அன்று முதல் எரித்து வருகிறார்கள். புகையை வடிகட்டப் பெருஞ்செலவு செய்கிறார்கள். அப்படியும் எரித்த சாம்பலைக் கொட்டுவதற்குக் கடலில் அணை கட்டி, செமக்காவ் என்ற தீவை 1999 முதல் பயன்படுத்துகிறார்கள். அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அவர்களது அரசே கணக்கிட்டுள்ளது. எரித்தாலும் சாம்பல் மிஞ்சும். பிளாஸ்டிக்கில் கலந்துள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தீயில் அழிவதில்லை, சாம்பலில் குடியேறிவிடும். நாம் அந்தச் சாம்பலை எங்கே கொட்டுவோம்? மையவாடியிலா?

நம் நாட்டிலும் இந்த விவாதம் ஓய்ந்தபாடில்லை. தில்லி ஓக்லாவில் 2012 முதல் இயங்கும் ஆலையை எதிர்த்து அப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். சென்னை கொடுங்கையூரில் நாளொன்றுக்குச் சுமார் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை மாநகராட்சி முன்வைத்தபோது, வடசென்னைக் குடியிருப்போர் 2025ஆம் ஆண்டு மே மாதம் மனிதச் சங்கிலி அமைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அனல்மின் நிலையமும் எண்ணெய் ஆலையும் உரத் தொழிற்சாலையும் ஏற்கெனவே எங்கள் தலைமேல் புகைகின்றன, இன்னொன்றுமா என்பது அவர்கள் கேள்வி. மாநகராட்சியோ, மலைபோலக் குவிந்த குப்பைக்கு வேறு வழி என்ன, அப்படியே விட்டால் அதுவும் ஒருநாள் தானே பற்றி எரியும் என்கிறது. அதுவும் பொய்யன்று. 2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ பத்து நாட்களுக்கும் மேலாக அணையவில்லை. நகரமே புகையில் மூழ்கி, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. இரு தரப்பிலும் உண்மையின் பங்கு இருப்பதால்தான் விவாதம் முடியவில்லை. நம் கருத்தில், சுமையை எப்போதும் ஏழைகள் வாழும் பக்கத்திலேயே இறக்கி வைக்கிறார்கள் என்ற வடசென்னை மக்களின் முறையீட்டிற்கு இதுவரை எவரும் சரியான விடை சொல்லவில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பிளாஸ்டிக் இல்லை. ஆனால் தீ இருந்தது, அண்டை வீடு இருந்தது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு தீப்பற்றிய செய்தி கேட்டு, தீயை மனிதனின் பகைவன் என்று குறிப்பிட்டு, உறங்கும் முன் அதை அணைத்துவிடுமாறு பெருமானார் கட்டளையிட்டதாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வந்துள்ளது. நம் பள்ளத்துத் தீ இரவெல்லாம் அணையாமல் கிடக்கிறது. பச்சைப் பூண்டு தின்றவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வந்து பிறருக்கு இடையூறு செய்ய வேண்டாம் என்று தடுத்த மார்க்கம் இது. மஃக்ரிப் ஜமாஅத்தில் முதல் ஸஃப்பில் நிற்கும் முதியவர் ருகூவிலிருந்து நிமிரும்போதெல்லாம் இருமுகிறாரே, அதற்குக் காரணமான புகை பூண்டு வாடையைவிட இலேசானதா?

ஃபிக்ஹு நூல்களில் நம் பிரச்சினைக்கு மிக நெருக்கமான ஒரு மஸ்அலா உண்டு. ஒருவர் தம் சொந்த நிலத்தில் தீ மூட்டுகிறார். அது பரவி அண்டை நிலத்துப் பயிரை எரித்துவிடுகிறது. அவர் ஈடு கொடுக்க வேண்டுமா? தம் நிலத்தில் வழக்கமான அளவில், காற்றில்லாத வேளையில் மூட்டியிருந்தால் அவர் மீது பொறுப்பில்லை. காற்று வீசும் வேளையிலோ, வழக்கத்திற்கு மீறிய அளவிலோ மூட்டியிருந்தால் ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் எழுதியுள்ளார்கள். என் நிலம், என் விருப்பம் என்ற வாதத்தை அவர்கள் முழுதாக ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தீரா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. நாமோ கடற்கரையில் வாழ்கிறோம். காற்றில்லாத வேளை நமக்கு ஏது? பயிருக்கே ஈடு உண்டென்றால், மூச்சுக்கு இல்லையா என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உஸ்மானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பின் தொடக்கத்தில், தீங்கு குறித்த பொது விதிகள் வரிசையாக வருகின்றன. தீங்கு நீக்கப்பட வேண்டும். ஆனால் ஒரு தீங்கை அதற்கு ஒப்பான மற்றொரு தீங்கினால் நீக்கலாகாது. இரு தீங்குகளில் ஒன்றைத் தவிர்க்கவே முடியாதென்றால் இலேசானதை ஏற்றுக் கொள்ளலாம். மதரஸாவில் இவ்விதிகளைப் பாடமாக ஓதிய எவருக்கும் விடை எங்கே இருக்கிறது என்பது புரியும். வாய்க்காலில் மிதக்கும் குப்பையை நீக்கி நுரையீரலில் சேர்ப்பது முதலிரண்டு விதிகளுக்கும் பொருந்தாது. ஆகவே திறந்த பள்ளத்தில் பிளாஸ்டிக்கை எரிப்பதும், ஊருக்குள் சிறு உலை கட்டி எரிப்பதும் ஆகுமானதல்ல என்பதே நம் கருத்து. நாட்டுச் சட்டமும் இதற்கு இணங்கவே உள்ளது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்து, சிறிதளவு எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் விதிக்க உத்தரவிட்டது.

மூன்றாவது விதி மிச்சமிருக்கிறது. அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து சிமெண்ட் ஆலைகளின் சூளைகளில் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் வேகிறது. நிலக்கரிக்குப் பதிலாக, மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக்கை அங்கே எரிபொருளாகக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. வெப்பம் மிகுதி என்பதாலும், சாம்பல் சிமெண்டோடு கலந்துவிடுவதாலும் பள்ளத்துத் தீயைவிட இது பன்மடங்கு மேல். குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பி.வி.சி. அதிகம் கலந்தால் சூளைக்கே ஆகாது. அதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் ஒழுங்காகக் கண்காணிக்க வேண்டும், அந்த ஊர் மக்களும் நம்மைப் போன்றவர்களே. எனினும் வேறு வழியற்ற பொருளுக்கு இலேசான தீங்கு என்று இதை ஏற்கலாம். மதுரை தியாகராஜர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் அவர்கள் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டறிந்து, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். அதில் பொருள் உருக்கப்படுகிறது, எரிக்கப்படுவதில்லை. மெல்லிய பைகளுக்கு அது நல்ல வழி.

இந்த இரண்டிற்கும் ஒரே நிபந்தனை, குப்பை காய்ந்ததாகவும் பிரிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது. மீன் செதிலும் சோறும் கலந்த பையை எந்தச் சூளைக்காரரும் வாங்கமாட்டார். ஆகவே உலைக்கென்று சகோதரர்கள் தர முன்வந்த தொகையைக் கொண்டு, மழை படாத ஒரு கொட்டகையும், பிரித்துக் கட்டும் பணிக்கு இருவருக்கு ஓராண்டு ஊதியமும் ஏற்பாடு செய்யலாம் என்று நிர்வாகக் குழுவுக்கு யோசனை சொல்லியுள்ளோம். கட்டிய மூட்டைகளை கொம்யூன் பஞ்சாயத்து வண்டியிடம் ஒப்படைத்து, அவை சூளைக்குத்தான் போகின்றனவா என்பதையும் விசாரித்து அறிய வேண்டும். வேறொரு ஊரின் பள்ளத்தில் கொட்டப்பட்டால் நாம் செய்தது ஒன்றுமில்லை. பணம் தருவோரின் சம்மதத்தைப் பெற்ற பின்பே இந்த மாற்றம் செய்யப்பட வேண்டும். ஒரு நோக்கத்திற்குத் தந்த பணத்தை வேறொன்றிற்குச் செலவிடும் உரிமை நமக்கு இல்லை.

குப்பை உண்டாவதைக் குறைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நம் முன்னோர் வலீமா விருந்தில் ஐந்து கறிச் சோற்றை ஸஹனில் வைத்து, ஒரு ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்டார்கள். விருந்து முடிந்தால் கழுவ வேண்டியது ஸஹன் மட்டுமே. இன்று மேசைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பாயசத்திற்கு ஒரு கோப்பை, கரண்டி என்று வந்துவிட்டது. ஒரு நிக்காஹ் முடிந்த மறுநாள் பள்ளம் எப்படி இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவை 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. மற்ற பலவற்றில் வாஞ்சூர் எல்லைக்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் ஒரு சட்டம் என்று பழகிவிட்டோம். இதில் அந்தச் சௌகரியம் இல்லை.

ரமலானில் பள்ளியிலிருந்தே குப்பை புறப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கொதிக்கக் கொதிக்க நோன்புக் கஞ்சியைப் பாலிதீன் பையில் ஊற்றி வாங்கிச் செல்லும் பழக்கம் எப்போது வந்தது? முன்பு பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். வரும் ரமலான் முதல் பாத்திரம் கொண்டு வருவோருக்கே கஞ்சி என்று நிர்வாகக் குழு தீர்மானித்தால் அதை மனப்பூர்வமாக வரவேற்போம். வழிப்போக்கரும் வெளியூர்த் தொழிலாளரும் வெறுங்கையோடு வந்தால் அவர்களைத் திருப்பி அனுப்பலாகாது. பள்ளியிலேயே அமர்ந்து குடிக்க ஐம்பது எவர்சில்வர் கிண்ணங்கள் வாங்கி வைக்கலாம்.

மாடியிலிருந்து தாய்மார்கள் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியுள்ளார்கள். குழந்தைகளுக்கும் படுத்த படுக்கையான முதியோருக்கும் கட்டும் டயப்பரை என்ன செய்வது என்று கேட்டுள்ளார்கள். அதை பழைய இரும்புக்காரரும் எடுக்கமாட்டார், ஈரமானது என்பதால் சூளைக்கும் ஆகாது, நஜீஸ் கலந்தது என்பதால் பிரிப்பவர் கையிலும் கொடுக்கலாகாது. வீட்டிலிருக்கும் நேரங்களிலேனும் பருத்தித் துணியைப் பயன்படுத்தலாம். எஞ்சியதைத் தனியே காகிதத்தில் சுற்றி, அடையாளமிட்டு, பஞ்சாயத்து வண்டியில் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கென்று தனி வாளி வைக்க பஞ்சாயத்து இசையுமா என்று கேட்டுச் சொல்லும் பொறுப்பைச் செயலாளர் ஏற்றுள்ளார்கள். அவர்கள் பதில் வரும் வரை, பள்ளத்தில் டயப்பர் போடுவதை மட்டும் இன்றிலிருந்தே நிறுத்திக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம்.